முள்ளந்தண்டு விறைப்பூசியும் பிறநோய் உடையாரும்

எழுபது வயதைக் கடந்த மூதாட்டியொருவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்து தொடையென்பை முறித்துக்கொள்கிறார் என வைத்துக்கொள்வோம். நீரிழிவு அவருக்குப் பல்லாண்டுகளாக உண்டு. குருதியமுக்கத்துக்கும் இருதயத்துக்கும் நாள்தோறும் மாத்திரை உட்கொண்டு வருபவர். சத்திரசிகிச்சை செய்யவேண்டுமென வைத்தியர் கூறியதும் வீட்டார் கூடி ஆராய்கின்றனர். “மயக்க மருந்து கொடுத்தால் ஆச்சி எழும்பமாட்டா” என்கிறார் ஒருவர். “நாரியில் ஊசி போட்டால் பிறகு கால் வழங்காது” என்கிறார் மற்றொருவர். “விறைப்பூசி தானே, அதில் ஓர் ஆபத்தும் இல்லை” என்கிறார் மூன்றாமவர். நம்மூர்களிலே அடிக்கடி கேட்கப்படும் இம்மூன்று கூற்றுக்களிலும் சிறிது உண்மை உண்டு. எனினும் மூன்றும் முழு உண்மையாகா. இவற்றுள் எது எவ்வளவிற்கு உண்மை என்பதை அறியாமையால், செய்யவேண்டிய சிகிச்சையை மறுத்துப் படுக்கையிற் கிடந்து மாய்வாரும் உளர். சொல்லவேண்டியதை வைத்தியருக்குச் சொல்லாது விட்டு இடர்ப்படுவாரும் உளர். ஆகவே இப்பொருளைச் சற்று விரிவாக நோக்குதல் பயனுடைத்து.

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரத்திலே வள்ளுவர், சிகிச்சை செய்யப் புகுவோன் முதலிற் கருதவேண்டியது நோயுற்றவனது அளவு என்றும், அதன்பின்னரே நோயினது அளவும் காலமும் கருதப்படவேண்டும் என்றும் கூறியிருக்கின்றார். நோய்க்கு முன்னே நோயாளியை வைத்த இவ்வரிசை ஆழ்ந்து சிந்தித்தற்குரியது. முள்ளந்தண்டு விறைப்பூசி தீங்கற்றதா என்னும் வினாவுக்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாது. யாருக்கு, எந்த நிலையில், எந்தச் சத்திரசிகிச்சைக்கு என்று வினவிய பின்னரே விடை பிறக்கும்.

பிறந்த வரலாறு

1884ஆம் ஆண்டு கார்ல் கொல்லர் என்னும் வைத்தியர் கொக்கெயின் கரைசலைக் கண்ணிலிட்டு நோவின்றிக் கண்சிகிச்சை செய்யலாமெனக் காட்டினார். அடுத்த ஆண்டில் நியூயோர்க் நகரத்து நரம்பு வைத்தியரான லெனாட் கோர்னிங் அம்மருந்தை முதுகெலும்புக்கு அண்மையிற் செலுத்திப் பரீட்சித்தார். 1891இல் யேர்மனியின் கீல் நகரிலே ஹைன்றிக் குவிங்கே என்பவர் நாரிப்பகுதியிற் குற்றி முண்ணாணைச் சூழ்ந்த பாய்பொருளை வெளியே எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். இவ்விரு வழிகளும் ஒன்றுகூடும் இடத்திலே நம் பொருள் தோன்றுகிறது.

அதே கீல் நகரில் 1898ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள் ஔகுஸ்ட் பியர் என்னும் சத்திரவைத்தியர், கணுக்காலிற் காசநோய் பற்றிய 34 வயதுத் தொழிலாளி ஒருவருக்கு, 15 மில்லிகிராம் கொக்கெயினை முதுகின்வழி முண்ணாண் பாய்பொருளிற் செலுத்தி, அவர் விழித்திருக்கும்போதே நோவின்றிச் சத்திரசிகிச்சை செய்து முடித்தார். அந்த நோயாளி முன்னர்ப் பலமுறை முழுமயக்கத்தில் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டு அதனாற் பெரிதும் வருந்தியவர். மீண்டும் மயக்கமடைய அஞ்சியவர். முழுமயக்கத்தைத் தாங்கவொண்ணாத ஒருவரின் துன்பத்துக்கு மாற்றாகவே இம்முறை முதன்முதற் கைக்கொள்ளப்பட்டது என்பதை நாம் மனத்திற் பதித்தல் வேண்டும். பிறநோய் உடையாருக்கு விறைப்பூசி என்பது இம்முறையின் பிறப்போடு உடன்பிறந்த வினாவாகும்.

எட்டு நாட் கழித்துப் பியரும் அவருடைய உதவியாளர் ஹில்டெபிரான்டும் தம்முடலிலேயே இதனைப் பரீட்சித்தனர். பியரின் முதுகிற் குற்றிய ஊசிக்கு மருந்துக்குழாய் பொருந்தாமையால், பாய்பொருள் பெருமளவு ஒழுகிப்போயிற்று. பின்னர் ஹில்டெபிரான்டுக்கு மருந்து செலுத்தப்பட்டது. அவருடைய கால்களை ஊசியாற் குத்தியும், புகையும் சுருட்டாற் சுட்டும், சுத்தியலாற் கீழ்க்காலில் அடித்தும் பார்த்தபோதும் அவர் நோவை உணரவில்லை. அன்றிரவு இருவரும் மதுவருந்திச் சுருட்டுப்புகைத்து மகிழ்ந்தனர். மறுநாள் தொடங்கிப் பியர் கடுந்தலைவலியால் ஒன்பது நாள் படுக்கையிற் கிடந்தார். ஹில்டெபிரான்டும் தலைவலியாலும் வாந்தியாலும் வருந்தினார். பாய்பொருள் ஒழுகுவதே தலைவலிக்குக் காரணமென்பதைப் பியர் தம்முடலிற் கண்ட அனுபவத்தினின்றும் உய்த்துணர்ந்தார். இவ்வுண்மை இன்றும் மாறவில்லை.

எவ்வாறு தொழிற்படுகின்றது

மூளையின் தொடர்ச்சியாகிய முண்ணாண் முள்ளந்தண்டின் உள்ளே நெடுக ஓடுகின்றது. எனினும் அது முள்ளந்தண்டின் அடிவரை செல்வதில்லை. வளர்ந்தவர்களில் முதலாம் நாரி முள்ளென்பின் அளவில், சிலரில் இரண்டாம் நாரி முள்ளென்பின் அளவில், அது முடிவடைகின்றது. அதற்குக் கீழே குதிரைவால் மயிர்போலத் தொங்கும் நரம்புகளும் அவற்றைச் சூழ்ந்த பாய்பொருளுமே உள்ளன. இரு பக்கத்து இடுப்பென்புகளின் உச்சிகளையும் தொடுத்து ஒரு கோடு வரைந்தால் அது ஏறக்குறைய நான்காம் நாரி முள்ளென்பைக் கடக்கும். அக்கோட்டினை அடையாளமாகக் கொண்டு மூன்றாம் நான்காம் முள்ளென்புகளுக்கு இடையிலோ, நான்காம் ஐந்தாம் முள்ளென்புகளுக்கு இடையிலோ ஊசி செலுத்தப்படும். ஆதலின் ஊசி முண்ணாணைக் குத்திக் காலை முடமாக்கிவிடும் என்னும் அச்சத்துக்கு உடலமைப்பே விடை கூறுகின்றது. ஊசிமுனை சேரும் இடத்தில் முண்ணாண் இல்லை. அங்குள்ள நரம்புகளும் பாய்பொருளில் மிதப்பனவாதலின் முனைக்கு விலகிக்கொடுப்பன.

இன்று பெரும்பாலும் பயன்படுவது பியூப்பிவக்கெயின் என்னும் மருந்து. அதன் 0.5 சதவீதக் கரைசலில் 2 முதல் 3 மில்லிலீற்றர், அதாவது ஒரு தேக்கரண்டி அளவிலும் குறைந்தது, போதுமாகும். குளுக்கோசு சேர்த்துக் கரைசலைப் பாய்பொருளினும் கனமாக்குவதால், மேசையைச் சாய்த்தும் நோயாளியின் கிடையை மாற்றியும் மருந்து எவ்வளவு உயரம் பரவவேண்டுமென வைத்தியர் ஓரளவு நெறிப்படுத்தலாம். சில நிமிடங்களில் கால்கள் சூடேறுவனபோலத் தோன்றிப் பின் கனத்து விறைக்கும். இரண்டு மூன்று மணித்தியாலம் விறைப்பு நீடித்துத் தானே நீங்கும். இடுப்புக்குக் கீழும் வயிற்றின் கீழ்ப்பகுதியிலும் செய்யப்படும் சத்திரசிகிச்சைகளுக்கு, அதாவது என்புமுறிவு, குடலிறக்கம், புரோஸ்டேற் சுரப்பிச் சிகிச்சை, சிசேரியன் முதலியவற்றுக்கு, இது பொருத்தமானது.

மருந்து நோவை அறிவிக்கும் நரம்புகளை மட்டும் தொடுவதாயின் இக்கட்டுரைக்கு இடமிராது. அது மூவகை நரம்புகளையும் ஒருங்கே அடக்குகின்றது. உணர்ச்சி நரம்புகள் அடங்குவதால் நோவு நீங்குகின்றது. இயக்க நரம்புகள் அடங்குவதால் தசைகள் தளர்கின்றன. நாம் அறியாமலே குருதிக்குழாய்களை இறுக்கி வைத்திருக்கும் பரிவு நரம்புகளும் அடங்குவதால் அக்குழாய்கள் விரிகின்றன. இந்த மூன்றாவது விளைவிலிருந்தே பிறநோய் உடையாருக்குரிய ஆபத்துக்களிற் பெரும்பகுதி தோன்றுகின்றது. குழாய்கள் விரிந்ததும் குருதி கால்களிலே தங்குகின்றது, இருதயத்துக்குத் திரும்பும் அளவு குறைகின்றது, குருதியமுக்கம் வீழ்கின்றது. மருந்து மார்பின் மேற்பகுதிவரை ஏறினால் இருதயத்தை விரைவுபடுத்தும் நரம்புகளும் அடங்கி நாடித்துடிப்பு மந்தமாகும். இளைஞர் இதனை எளிதில் தாங்குவர்; நாளத்தின் வழி உப்புநீர் ஏற்றியும் குழாயைச் சுருக்கும் மருந்து கொடுத்தும் அமுக்கத்தைச் சமன்செய்யலாம். நோயால் மெலிந்த இருதயத்துக்கோ இவ்வீழ்ச்சி பேரிடராகலாம்.

இருதய நோயும் குருதியமுக்கமும்

இருதய நோயாளருக்கு விறைப்பூசி நன்றா தீதா என வினவுவார்க்கு, எவ்வகை இருதய நோய் என்பதே முதல் மறுவினா. இருதயத்தசைக்குக் குருதி கொடுக்கும் நாடிகள் ஒடுங்கியவருக்கு, விறைப்பூசி நோவையும் அதனால் எழும் நாடிவேகத்தையும் தணித்து நன்மை செய்யும். அதேவேளையில் அமுக்கம் மிகத் தாழ்ந்தால் அந்நாடிகளிற் குருதியோட்டம் குறைந்து தீமை விளையும். ஆகவே அமுக்கத்தை இடையறாது அளந்து, தாழும்போதே தாங்கிப் பிடித்தல் வேண்டும்.

மிகக் கவனத்துக்குரியது தொகுதிப்பெருநாடி வால்வுச் சுருக்கம். இருதயத்தினின்று குருதி வெளியேறும் வாயில் ஒடுங்கியிருப்பதால் ஒவ்வொரு துடிப்பிலும் குறித்த அளவுக்கு மேல் குருதியை வெளியேற்ற அவ்விருதயத்தால் இயலாது. குழாய்கள் திடீரென விரிந்தால், ஏனையோரின் இருதயம் மிகுதியாகக் குருதியைத் தள்ளி ஈடுசெய்யும். இவருடைய இருதயம் அவ்வாறு செய்யமாட்டாது. அமுக்கம் வீழ, தடித்த இருதயத்தசைக்கே குருதி போதாதாக, அதனால் துடிப்பு மேலும் நலிய, நலிவு அமுக்கத்தை மேலும் வீழ்த்தும். இத்தகைய கடுஞ்சுருக்கம் உடையாருக்கு ஒரே தடவையில் முழு மருந்தையும் செலுத்தும் விறைப்பூசி பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றது. தேர்ந்த கைகளிலே நுண்குழாய் வழியாகச் சிறிது சிறிதாக மருந்து ஏற்றும் முறை சிலருக்குக் கைக்கொள்ளப்படுவதுண்டு. “விறைப்பூசி தானே” என்று எளிதாகக் கருதுவோர் இவ்வொரு நோயை மட்டும் நினைவிற் கொள்வாராயின் அவ்வெளிமை நீங்கும். வைத்தியர் சத்திரசிகிச்சைக்கு முன் மார்பிலே காதுக்குழாய் வைத்துக் கேட்பதும், ஐயம் எழுந்தால் இருதயத்தை ஒலியலைப் படம் பிடிக்கச் சொல்வதும் காலம்போக்குவதற்கன்று.

உயர் குருதியமுக்கம் உடையார் பலர் மருந்துண்டு அதனைக் கட்டுப்படுத்தியிருப்பின் விறைப்பூசியை நன்கு தாங்குவர். கட்டுப்படாத அமுக்கம் உடையாரில் ஏற்றமும் வீழ்ச்சியும் பெரிதாக இருக்கும். 180க்கு 110 என்னும் அளவை விஞ்சினால், அவசரமற்ற சத்திரசிகிச்சை பொதுவாகப் பிற்போடப்படும். அமுக்க மாத்திரைகளிற் சிலவற்றை அன்று காலையும் உட்கொள்ளல் வேண்டும். சிலவற்றை விடுதல் வேண்டும். எவை எவை என்பதை வைத்தியரே கூறவேண்டுமாதலின், மாத்திரைகள் யாவற்றையும் உறையோடு எடுத்துச்சென்று காட்டுவதே சிறந்த வழி.

நீரிழிவு, சுவாசநோய், சிறுநீரக நோய்

நீரிழிவு உடையாருக்கு விறைப்பூசியால் நன்மைகள் உள. விழித்திருப்பதால் குருதிவெல்லம் தாழும்போது தோன்றும் வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் முதலியவற்றை அவரே உணர்ந்து கூறலாம். சிகிச்சை முடிந்ததும் விரைவில் உணவுண்டு வழமையான மருந்துக்குத் திரும்பலாம். எனினும் நெடுங்கால நீரிழிவு, அமுக்கத்தைக் காக்கும் நரம்புகளை முன்னரே நலிவிக்கக்கூடும். இருந்து எழும்பும்போது தலைசுற்றும் நீரிழிவாளர் அதனை மறவாது கூறுதல் வேண்டும். அவர்களிலே குருதியமுக்கம் கூடுதலாக வீழலாம். பாதங்களில் எரிவோ மரத்தலோ உடையார் அதனையும் முன்னரே சொல்லிப் பதிவிக்கவேண்டும். அல்லாவிடின் நீரிழிவால் உண்டான மரத்தல் ஊசியால் உண்டானதெனப் பின்னர்ப் பிழையாக எண்ணப்படும்.

ஈளை, நாட்பட்ட சுவாசநோய் என்பன உடையாருக்கும், நெடுங்காலம் புகைபிடித்தவருக்கும், தொண்டையினுள்ளே குழாய் செலுத்தும் முழுமயக்கத்தினும் விறைப்பூசி பல வேளைகளில் ஏற்றதாகின்றது. மூச்சுப்பாதை தீண்டப்படுவதில்லை; முதன்மைச் சுவாசத்தசையாகிய பிரிமென்றகட்டின் நரம்புகள் கழுத்திலிருந்து வருவன ஆதலின் அவை அடங்குவதில்லை. ஆயினும் மருந்து உயர ஏறினால், இருமுவதற்கு உதவும் வயிற்றுத்தசைகளும் விலாவிடைத் தசைகளும் தளரும். நீட்டி நிமிர்ந்து படுக்கவே மூச்சுமுட்டும் ஒருவர், ஒரு மணித்தியாலம் மேசையில் மல்லாந்து படுத்திருப்பது எங்ஙனம்? இவற்றை நோக்கியே தீர்மானிக்கவேண்டும்.

சிறுநீரகம் பழுதுற்றோரிலும் ஈரல் நோயுற்றோரிலும் குருதி உறைதல் குறைவுபடலாம். குருதி சுத்திகரிக்கும் நாட்களிற் கொடுக்கப்படும் உறைதல்தடை மருந்தும் கணக்கிற் கொள்ளப்படவேண்டும். தலையினுள்ளே கட்டியாலோ பிறிதொன்றாலோ அமுக்கம் உயர்ந்தவருக்கு ஊசி ஆகாது. கீழே பாய்பொருள் ஒழுகினால் மேலேயுள்ள மூளை கீழ்நோக்கி நழுவ இடமுண்டு. ஊசி குற்றும் இடத்திலே புண்ணோ கட்டியோ இருப்பினும், குருதியில் கிருமி பரவிய நிலையிலும் இம்முறை விலக்கப்படும்.

குருதி உறைதல் என்னும் பெருங்கவலை

முள்ளந்தண்டின் குழியிலே நுண்ணிய நாளங்கள் பல உள. ஊசி அவற்றுளொன்றிற் பட்டாற் சிறிது குருதி கசிந்து உடனே உறைந்துவிடும். உறையாதாயின், என்பாற் சூழப்பட்ட அக்குறுகிய இடத்திலே குருதி தேங்கி நரம்புகளை நெரிக்கும். மிக அரிதாகவே நிகழ்வதாயினும் விறைப்பூசியாற் கால்கள் நிரந்தரமாகச் செயலிழக்கும் வழிகளில் இதுவே பெரிதும் அஞ்சப்படுவது. இதனைத் தடுக்கும் ஆற்றல் வைத்தியரின் கையில் மட்டுமன்றி நோயாளியின் நாவிலும் உள்ளது.

வாபரின் உட்கொள்வோர் பொதுவாக ஐந்து நாள் முன்னரும், குளோப்பிடோகிரெல் உட்கொள்வோர் ஐந்து முதல் ஏழு நாள் முன்னரும் வைத்தியரின் கட்டளைப்படி அவற்றை நிறுத்தவேண்டியிருக்கும். தோலின்கீழ் ஏற்றப்படும் ஹெப்பாரின் வகைக்கு, அளவைப் பொறுத்து 12 அல்லது 24 மணித்தியால இடைவெளி வேண்டும். அஸ்பிரின் மட்டும் உட்கொள்பவருக்கு விறைப்பூசி மறுக்கப்படுவதில்லை. இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. இம்மருந்துகளை எவரும் தாமாக நிறுத்தலாகாது. இருதய நாடியிலே வலைக்குழாய் பொருத்தப்பட்டவர் மருந்தை நிறுத்தினால், அக்குழாயினுள்ளே குருதி உறைந்து உயிருக்கே தீங்கு நேரலாம். ஊசிக்கு அஞ்சி இருதயத்தை இழத்தல் பேதைமையாகும். நாட்டுமருந்து உண்போரும் அதனை மறையாது கூறவேண்டும். வைத்தியர் சினப்பார் என்றெண்ணி மறைப்பார் பலர்.

எமது தீவிலே மழைக்காலங்களிற் பரவும் டெங்குக் காய்ச்சலையும் ஈண்டுக் குறிப்பிடல் தகும். அந்நோயிலே குருதிச் சிறுதட்டுக்கள் பெரிதும் குறைவதோடு, குழாய்களினின்றும் நீரும் கசிகின்றது. முன்னையது கசிவுக்கும் பின்னையது அமுக்க வீழ்ச்சிக்கும் ஏதுவாம். காய்ச்சலோடு வருபவருக்குக் குருதிப் பரிசோதனை செய்யாது முதுகில் ஊசி செலுத்தத் தயங்குவதன் காரணம் இதுவே. கருப்பகாலத்து உயர் குருதியமுக்கம் உடைய தாய்மாருக்கும் சிறுதட்டுக்கள் குறையலாம். அவை போதியளவு இருப்பின், வீங்கிய தொண்டையிற் குழாய் செலுத்தும் இடரைத் தவிர்ப்பதால், விறைப்பூசியே அவர்க்கு மேலானது.

முடமாதல் பற்றிய அச்சம்

கால் வழங்காது என்னும் அச்சம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. 1947ஆம் ஆண்டு ஒக்ரோபர் 13ஆம் நாள் இங்கிலாந்தின் செஸ்ரர்பீல்ட் நகர வைத்தியசாலையிலே விறைப்பூசி பெற்ற இருவர் இடுப்புக்குக் கீழே நிரந்தரமாகச் செயலிழந்தனர். மருந்துச் சிமிழ்கள் பினோல் என்னும் கிருமிநாசினியில் அமிழ்த்தி வைக்கப்பட்டிருந்தமையால், கண்ணுக்குப் புலனாகாத வெடிப்புக்களின் வழியே அந்நஞ்சு உட்புகுந்ததென நீதிமன்றத்திற் கொள்ளப்பட்டது. அவ்வாபத்து 1947இல் அறியப்படாத ஒன்றாகலின் மருந்து செலுத்திய வைத்தியர்மீது குற்றமில்லை என 1954இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. ஊசிகளும் குழாய்களும் கொதிக்கவைக்கப்பட்ட பாத்திரத்திலே எஞ்சியிருந்த அமிலமே காரணமாதல் கூடும் என்று பிற்காலத்தில் ஆராய்ந்தோர் எழுதினர். எவ்வாறாயினும் தீங்கு செய்தது முறையன்று. மருந்தோடு கலந்த மாசு. ஆயினும் இவ்வழக்கின் பின் பிரித்தானியாவில் விறைப்பூசி நெடுங்காலம் அருகிப்போயிற்று.

அதே 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே டிறிப்ஸ், வண்டம் என்னும் இருவர், 10,098 விறைப்பூசிகளைப் பெற்றோரைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து, பெரிய நரம்புக்கேடு எதனையும் காணவில்லை என வெளியிட்டனர். அச்சம் ஒரு வழக்கால் வளர்ந்தது. தெளிவோ பல்லாயிரம் நோயாளரைப் பொறுமையாகப் பின்தொடர்ந்ததால் வந்தது. 2009இல் பிரித்தானிய மயக்கமருந்து வைத்தியர் கல்லூரி வெளியிட்ட கணக்கெடுப்பு இதனினும் பெரிது. ஓராண்டில் நிகழ்ந்த 7,00,000க்கு மேற்பட்ட முள்ளந்தண்டு விறைப்புக்களையும் அவற்றையொத்த முறைகளையும் ஆராய்ந்ததில், நிரந்தரத் தீங்கு ஓர் இலட்சத்துக்கு 2 முதல் 4 பேர் அளவிலும், இரு கால்களும் செயலிழத்தல் அல்லது மரணம் ஓர் இலட்சத்துக்கு 2 பேருக்கும் குறைந்த அளவிலுமே காணப்பட்டன. ஐயத்துக்கிடமான நிகழ்ச்சிகளையும் ஊசியின் கணக்கிலேயே எழுதிப் பெற்ற மேல்வரம்புகளும் இவற்றுள் அடங்கும்.

தீராத முதுகுவலி பற்றியும் ஒரு வார்த்தை. குற்றிய இடத்திற் சில நாள் நோவு இருத்தல் இயல்பு. ஆனால் பிரசவ வேதனையைத் தணிக்க முதுகின்வழி மருந்து ஏற்றப்பட்ட தாய்மாரையும் ஏற்றப்படாத தாய்மாரையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், நெடுங்கால முதுகுவலி இரு சாராரிலும் ஒத்தே காணப்பட்டது. பியரை வருத்திய தலைவலியும் இன்று அருகிவிட்டது. 1951இல் அறிமுகமான, பென்சில் முனைபோன்ற நுனியுடைய மெல்லூசி உறையை வெட்டாது இழைகளை விலக்கிச் செல்வதால் ஒழுக்கு மிகக் குறைந்தது. தலைவலி கடுமையாகத் தோன்றின், நோயாளியின் குருதியையே சிறிதெடுத்து அவ்விடத்திற் செலுத்தித் துவாரத்தை அடைக்கும் சிகிச்சையும் உண்டு.

எது சிறந்தது

இனி முழுமயக்கமா விறைப்பூசியா என்னும் வினாவுக்கு வருவோம். 2000ஆம் ஆண்டில் 141 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி, 9,559 நோயாளரை நோக்கிய கட்டுரையொன்று, முதுகின்வழி மருந்து பெற்றோரில் முப்பது நாட்களுள் இறப்பு ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்ததாகக் காட்டியது. விறைப்பூசியே என்றும் மேலானது என்னும் எண்ணம் இதனால் வலுப்பெற்றது. ஆனால் அவ்வாய்வுகளிற் பல பழையன. இடைக்காலத்தில் முழுமயக்கமும் பெரிதும் திருந்தியது. 2021இல் வட அமெரிக்காவிலே இடுப்பை அண்டிய என்பு முறிந்த 50 வயதுக்கு மேற்பட்ட 1,600 பேரைத் திருவுளச் சீட்டுப்போல இரு பிரிவாக்கிச் செய்த ஆய்வில், அறுபது நாளில் இறந்தோரும் துணையின்றி நடக்க இயலாதோரும் விறைப்பூசிப் பிரிவில் 18.5 சதவீதமும் முழுமயக்கப் பிரிவில் 18.0 சதவீதமுமாக இருந்தனர். முதியோரை வருத்தும் புத்தித்தடுமாற்றமும் இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒத்திருந்தது. 65 வயதைக் கடந்த 950 பேரைக் கொண்டு சீனாவில் நடந்து 2022இல் வெளிவந்த ஆய்வும் அத்தடுமாற்றத்தில் வேற்றுமை காணவில்லை.

இம்முடிவுகளைக் கொண்டு இரண்டும் ஒன்றே, எதையும் கொடுக்கலாம் எனக் கருதுதல் பிழை. இரு முறையும் ஏற்கக்கூடியவர்களே இவ்வாய்வுகளிற் சேர்க்கப்பட்டவர்கள். பெருந்தொகையினரின் சராசரி ஒத்திருக்கும்போதும், தனியொருவருக்கு ஒன்று தெளிவாக ஏற்றதாகலாம். சுவாசப்பை நலிந்தவருக்கு விறைப்பூசியும், வால்வு கடுமையாகச் சுருங்கியவருக்குக் கவனத்தோடு கொடுக்கப்படும் முழுமயக்கமும் பொருந்துவன. இரண்டும் ஒத்தவிடத்து நோயாளியின் விருப்பமே முடிவு செய்யும். மயக்கத்துக்கு அஞ்சுபவர் விறைப்பூசியைக் கேட்கலாம். விழித்திருக்க அஞ்சுபவர் மற்றதைக் கேட்கலாம். முறிந்த என்போடு வாரக்கணக்கிற் படுத்திருப்பின் படுக்கைப்புண், நியூமோனியா, கால் நாளங்களிற் குருதியுறைதல் என்பன சூழும். எனவே எம்முறை என்று தயங்கிச் சிகிச்சையையே மறுப்பது இரண்டினும் கேடானது.

நோயாளியும் வீட்டாரும் செய்யவேண்டுவன

விறைப்பூசிக்கும் பட்டினி வேண்டும். மயங்கப்போவதில்லையே என்றெண்ணிக் காலையிற் பலகாரம் உண்டு வருவார் சிலர். விறைப்பு போதாதாயினும் இடையிலே சிக்கல் நேரினும் முழுமயக்கத்துக்கு மாற நேரும். அவ்வேளை இரைப்பையில் உள்ளது சுவாசப்பையினுட் புகுந்தால் உயிருக்கு ஊறு. ஆகவே ஆறு மணித்தியாலத்துக்கு உணவும், இரண்டு மணித்தியாலத்துக்குத் தெளிந்த நீரும் பொதுவாக விலக்கப்படும். முன்னைய சத்திரசிகிச்சைகளில் நேர்ந்த தொல்லைகள், மருந்தொவ்வாமை, எளிதிற் குருதி கசியும் இயல்பு, முதுகிற் செய்த சிகிச்சை ஆகியவற்றைக் கேளாமலே கூறவேண்டும். ஊசிபோடும்போது முதுகை இறால் போல வளைத்து அசையாதிருத்தல் வைத்தியருக்குச் செய்யும் பேருதவி.

சிகிச்சையின் பின் கடமை வீட்டாரைச் சார்ந்தது. நான்கு மணித்தியாலம் கழிந்தும் காலைச் சிறிதும் உயர்த்த இயலாதிருப்பினும், நீங்கிய விறைப்பு மீண்டும் தோன்றினும், முதுகிற் புதிதாகக் கடுநோவு எழினும், சிறுநீர் பிரியாதிருப்பினும், விடியும்வரை காத்திராது உடனே தாதியருக்கு அறிவிக்கவேண்டும். முள்ளந்தண்டிலே குருதி தேங்கியிருப்பின், எட்டு மணித்தியாலத்துள் அதனை அகற்றினால் நரம்புகள் மீளும் வாய்ப்பு மிகுதி. காலந்தாழ்த்தினால் அவ்வாய்ப்பு அருகிப்போம். “இரவில் வைத்தியரை ஏன் எழுப்புவான்” என்னும் கூச்சம் ஒருவரின் கால்களுக்கு விலையாகலாகாது.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தை முடிக்குமிடத்து, நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணைசெய்பவன் என மருத்துவத்தை நாற்பாலாகப் பகுத்தார். விறைப்பூசியின் நன்மையும் இந்நான்கின்பாற்பட்டதே. மருந்து தூய்மையாக இருத்தல் வேண்டும். வைத்தியர் நோயாளியின் அளவறிந்து செலுத்தல் வேண்டும். நோயாளி மறையாது உரைத்தல் வேண்டும். துணைநிற்போர் கண்விழித்துக் காத்தல் வேண்டும். கிணற்றடியில் விழுந்த அம்மூதாட்டியின் வீட்டார் இனிக் கூடி ஆராயும்போது, “மயக்கமா, ஊசியா” என்று தமக்குள் வாதிடுவதை விடுத்து, அவருடைய மாத்திரைகள் யாவற்றையும் ஒரு பையிலிட்டு எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்வாராக. “எங்கள் ஆச்சியின் இருதயத்துக்கு எது ஏற்றது” என்று அவரை வினவுவாராக. அவ்வினாவே நல்ல சிகிச்சையின் தொடக்கம்.